வீட்டிலேயே பீப்பாய் பீர்: கோப்பையில் நுரை மட்டும் நிரம்புவது ஏன்?

அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிக்க 1978-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது. பழைய குளிர்சாதனப் பெட்டியை பீர் வழங்கும் கருவியாக மாற்றுவதும் அங்கு பலரின் பொழுதுபோக்காக உள்ளது. 'கெஜரேட்டர்' எனப்படும் இதில், குளிர்பானங்களுக்காக உருவான 19 லிட்டர் எஃகுக் கலனிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயு பீரைக் குழாய் வழியே உந்துகிறது.

கோப்பையில் நுரை மட்டுமே நிரம்பினால், புதியவர்கள் வாயு அழுத்தத்தைக் குறைப்பர். அது தவறு. அழுத்தம் தாழ்ந்தால் பீரில் கரைந்துள்ள வாயு குழாயிலேயே பிரிந்து நுரையை மிகுவிக்கும். நாளடைவில் பீரின் விறுவிறுப்பும் போய்விடும். குழாயின் நீளத்தைக் கூட்டுவதே தீர்வு. 3 டிகிரி செல்சியஸ் குளிரில், சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 3 மீட்டர் வரை நீண்டால், உராய்வே வேகத்தைத் தணித்துவிடும். மரத்தில் செதுக்கிய குழாய்க் கைப்பிடிகளுக்குத் தாராளமாகச் செலவிடுவோர், மலிவான இந்தக் குழாயைக் கவனிப்பதில்லை.

பக்கச் சுவர்களுக்குள் குளிரூட்டி வாயு செல்லும் குழாய்கள் இருக்கக்கூடும் என்பதால், கதவில் துளையிடுவதே நல்லது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. வாயு உருளையின் இணைப்புகளைச் சோப்பு நீர் பூசிச் சோதிப்பதும் கட்டாயம். மணமற்ற கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத அடித்தள அறையில் கசிந்தால், தரையோரம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.