மருந்தா? கத்தியா?

1956-ம் ஆண்டு ஜுன் 8-ந் தேதி. பொழுது விடிவதற்கு முன்பே அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. பகல் வந்தும் வலி ஓயவில்லை. வாஷிங்டன் நகரில் உள்ள வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டு போனார்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கி, சுருங்கி, பாதை அடைபட்டுக் கிடந்தது. "குரோன் நோய்"!

நியூயார்க் டாக்டர் குரோனும், தோழர்கள் இருவரும் 1932-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். அதனால் வந்த பெயர் அது. இது தொற்றுநோய் அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே குடலைத் தாக்குகிறது. குடல் புண்ணாகும். ஆறும்போது தழும்பு விழும். மறுபடி புண்; மறுபடி தழும்பு. குழாய் குறுகிக்கொண்டே போகும்.

டாக்டர்கள் திகைப்பு

ஐசனோவருக்கு அப்போது வயது 65. முந்திய செப்டம்பரில்தான் மாரடைப்பு வந்திருந்தது. கத்தி வைத்தால் இருதயம் தாங்குமா? வைக்காவிட்டால் குடல் அழுகிவிடுமே!

நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தார்கள். அடைப்பு நீங்கவில்லை. 9-ந் தேதி அதிகாலை சுமார் 3 மணிக்கு டாக்டர் ஹீட்டன் கத்தியை எடுத்தார். ஏறக்குறைய 2 மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. கெட்ட குடலை அவர் வெட்டி எடுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, நல்ல குடலைப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்தார். பாலம் உடைந்தால் பக்கத்தில் வேறு பாதை போடுவது இல்லையா? அது போல!

நவம்பர் தேர்தலில் ஐசனோவர் மீண்டும் ஜெயித்தார். ஆனால் 1969 பிப்ரவரியில், அந்தப் பழைய ஆபரேஷன் தழும்பினால் குடல் மறுபடி அடைத்தது. இன்னொரு ஆபரேஷன் நடந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். காரணம் குடல் அல்ல, இருதயம்.

இப்போது என்ன செய்கிறார்கள்?

பக்கத்துப் பாதை போடுவது இன்று அபூர்வம். விட்டு வைத்த குடலில் நோய் தொடரும் என்பதால், கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள்.

1998-ல் 'இன்ஃப்ளிக்ஸிமாப்' என்ற மருந்து வந்தது. வீக்கத்தை வடிய வைக்கும். ஆனால் இறுகிப்போன தழும்பை எந்த மருந்தும் கரைக்காது. அதற்குப் பெரும்பாலும் கத்திதான்.

சரி, தழும்பு இன்னும் இறுகவில்லை, வீக்கம் மட்டும்தான். அப்போது எது நல்லது?

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 143 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். ஒரு பிரிவுக்கு அந்த மருந்து. இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷன். ஒரு வருஷத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள். 2017-ல் வெளியான முடிவு இது.

சுமார் 5 வருஷம் கழித்து? மருந்து பெற்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களில் நாலில் ஒருவருக்கு அந்த வகை மருந்து தேவைப்பட்டது. மறுபடி குடலை வெட்டும்படி ஒருவருக்கும் நேரவில்லை!

அதற்காக எல்லோருக்கும் கத்தி என்று சொல்ல முடியாது. பல இடங்களில் புண் இருந்தால் எதை வெட்டுவது? குடல் குறைந்தால் தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வெட்டினாலும் நோய் அடியோடு போவதில்லை. தைத்த இடத்திலேயே திரும்பி வரலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

நம் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. குடலில் வரும் காசநோயும் பார்வைக்கு இதே போல இருக்கும். அதைக் குரோன் நோய் என்று நினைத்து இந்த மருந்தைக் கொடுத்தால், காசம் உடம்பெங்கும் பரவிவிடும். மருந்து ஏற்றுவதற்கு முன் டாக்டர்கள் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கேட்பது அதனால்தான்.