கொழுப்புத் தடுப்பு மாத்திரைகள்

நம் நாட்டில் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள் என 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கூறுகிறது. எனவே, மெலிவதற்கான மருந்தைத் தேடுவோர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மட்டுமின்றித் தோட்டங்களிலும் உள்ளனர்.

அவற்றுள் ஒன்று ஓர்லிஸ்டாட். கொழுப்பைச் செரிக்கச் செய்யும் லிபேஸ் என்னும் நொதியை இது குடலில் தடுக்கிறது. 120 மில்லிகிராம் மாத்திரையை உணவோடு உட்கொண்டால், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு செரிக்காமல் வெளியேறும். உடலில் முன்பே சேர்ந்த கொழுப்பை இது நேரே கரைப்பதில்லை.

ரொட்டி சானாயும் தேங்காய்ப்பால் கறியும் வயிறார உண்டு இதனை விழுங்குவோர் படும்பாட்டை நாம் மறைப்பதற்கில்லை. எண்ணெய் கசியும், மலம் அடக்க இயலாது, உடையில் கறை படியும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் செல்வோருக்கு இது சிறு தொல்லையன்று!

ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு வீணாகும். ஆதலால் வைட்டமின் மாத்திரையை உறங்கப் போகும் வேளையில் உட்கொள்வது நன்று. வார்ஃபரின், தைராய்டு மருந்து உண்போர் முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். கர்ப்பிணிகள் இதனை உண்ணலாகாது. மிக அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பழுதுறலாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இவை பதிவு பெற்ற மருந்தின் விளைவுகள். மூலிகை என்று விற்கப்படும் மெலிவுக் காப்பியில் வரும் கேடு வேறு. மாரடைப்பும் பக்கவாதமும் விளைவிக்கலாம் என்பதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ராமின், அத்தகைய காப்பிகளில் இங்கும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. மருந்து வாங்குமுன் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவு எண் உறையில் உள்ளதா என்று பாருங்கள்.