அப்பாவின் கணக்கும் மகளின் கணக்கும்

ஒக்லாந்தில் எமது வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் சண்டைகளில் ஒன்று அட்சரகணிதம் பற்றியது. "ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குறியை மாத்து" என்பார் அப்பா. "எங்கட ரீச்சர் அப்பிடிச் சொல்லித் தரேல்லை" என்று மகள் கொப்பியை மூடிவிடுவாள். ஊரில் மடக்கை வாய்பாட்டோடு படித்து, கணக்கிலே நல்ல பெயர் எடுத்த மனிதர் அன்றோடு அவள் அருகில் உட்காருவதை நிறுத்திவிடுகிறார். இதில் யாருக்கும் இலாபமில்லை. இருவர் சொல்வதும் ஒன்றுதான்.

தெரியாத எண்ணை அ என்போம். 2அ + 7 = 19. அப்பா 7ஐப் பக்கம் மாற்றி 2அ = 12 என்கிறார். இங்குள்ள ஆசிரியரோ இரு பக்கத்திலும் 7ஐக் கழிக்கச் சொல்கிறார். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே நிறையை எடுப்பது போல. குறி ஏன் மாறுகிறது என்பதற்கு விடை இதுவே. நாம் அதைக் கேட்காமலே பாடமாக்கியவர்கள்!

சண்டை வருவதற்கு இன்னொரு காரணம், மனதால் போட்டு விடையை மட்டும் எழுதுவது. 11ஆம் ஆண்டு மாணவருக்கு 2023 வரை நடந்த பொது அட்சரகணிதச் சோதனையில் கணிகருவிக்கு இடமில்லை. ஊகித்துச் சரிபார்த்த விடை சரியானாலும் உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. சோதனைகள் மாறினாலும் படிகளை எழுதும் பழக்கம் வேண்டும்.

ஒரு தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 7 மீற்றர் கூட. பரப்பளவு 60 சதுர மீற்றர். அகலம் என்ன? "5" என்று பலர் உடனே சொல்வர். எழுதும்போதுதான் தடுமாற்றம்.

அகலம் அ என்றால், அ(அ + 7) = 60.

இந்த இடத்தில் அ = 60 அல்லது அ + 7 = 60 என்று எழுதும் பிள்ளைகளை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். இரண்டு எண்களின் பெருக்கம் பூச்சியமானால் மட்டுமே அவற்றில் ஒன்று பூச்சியம் என்று சொல்லலாம். 60க்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே முதலில் ஒரு பக்கத்தைப் பூச்சியமாக்க வேண்டும்:

அ² + 7அ − 60 = 0

பெருக்கினால் −60, கூட்டினால் 7 வரும் எண்கள் 12, −5.

(அ + 12)(அ − 5) = 0

அ = −12 அல்லது அ = 5.

−12ஐச் சும்மா வெட்டிவிடாமல், "அகலம் மறை எண்ணாக இருக்க முடியாது" என்று ஒரு வரி எழுதவேண்டும். அகலம் 5 மீற்றர், நீளம் 12 மீற்றர்.

இன்றிரவு பிள்ளையின் வழியை முதலில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வழியைப் பிறகு காட்டுங்கள். இருவருக்குமாக ஒரு கணக்கு: நீளம் அகலத்தைவிட 4 மீற்றர் கூட, பரப்பளவு 96 சதுர மீற்றர். படிகள் அடுத்த இதழில்.