சர்குலர் சா வாங்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் டேபிளை வீட்டிலேயே செய்ய விரும்புபவர்களுக்கு சர்குலர் சா எனப்படும் வட்ட ரம்பம் மிகவும் பயன்படும். கடைக்குச் செல்லும் முன் எந்த மரத்தை, எத்தனை கனத்தில் அறுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து கொள்ளுங்கள்.

அறுக்கும் ஆழம்: 4 அங்குல மெஷின் சுமார் 30 மி.மீ. ஆழம் அறுக்கும். 18 மி.மீ. பிளைவுட்டிற்கு இது போதும். இடைசெவல், கோவில்பட்டி போன்ற கரிசல் காட்டு ஊர்களில் வேம்பு, கருவேலம் பலகைகளையும் அறுக்க வேண்டி வரும். 2 அங்குலக் கனம் என்றால் 7 அங்குல மெஷின் தேவை. இது சுமார் 65 மி.மீ. அறுக்கும். 45 டிகிரி சாய்த்தால் 45 மி.மீ. அளவிற்குக் குறையும்.

பிளேடு: 24 பற்கள் கொண்டது பலகையை நீளவாக்கில் வேகமாக அறுக்கும். பிளைவுட்டில் சிம்பு எழாமலிருக்க 60 பற்கள் நல்லது. கருவேலம், பனை போன்ற கடின மரங்களுக்கு கார்பைடு முனையுள்ள பிளேடையே வாங்குங்கள். பழைய மரமென்றால் ஆணிகளை முதலில் பிடுங்கிவிடுங்கள்.

மின்சாரம்: 1200 வாட்ஸ் மெஷின் 5 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் இணையுங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இணைக்கவே கூடாது.

பாதுகாப்பு: செலவைக் குறைக்க சிலர் ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடை மாட்டுகிறார்கள். இதில் மரத்தில் பதியும் அடித்தட்டும் இல்லை, தானாக மூடும் கீழ்மூடியும் இல்லை. பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும், விரல்கள் போய்விடும். எனவே கடையில் பிளக்கை இணைக்கும் முன் கீழ்மூடியைத் திறந்து விட்டுப் பாருங்கள். உடனே மூடிக்கொள்ளாத மாடல், விலை எவ்வளவு குறைவானாலும், வேண்டாம்.