கோவளம் மணலில் இராவணன் மீசை

கோவளம் தர்காவுக்குப் போய்விட்டு அப்படியே கடலோரம் நடக்கும் நம் குடும்பங்கள், மணல்மேட்டில் கொத்துக் கொத்தாக விறைத்து நிற்கும் சாம்பல்பச்சைப் புல்லைப் பார்த்திருப்பார்கள். ஜியாரத் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கடல் பார்க்க எல்லோரும்தான் போகிறோம். அந்தப் புல்லின் பெயர் இராவணன் மீசை. இலை நுனி ஊசி போலிருக்கும். பிள்ளைகளின் காலில் குத்துகிறதென்று பாய் விரிக்குமுன் பிடுங்கி எறிகிறோம். அந்த மேட்டைக் கட்டி நிறுத்தியிருப்பதே இந்தப் புல்தான்.

கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வருகிறது. புற்கொத்தில் பட்டதும் வேகம் குறைந்து மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. பல செடிகள் அதில் மூடிச் செத்துவிடும். இதுவோ மணல் ஏற ஏறத் தானும் மேலே வளர்ந்து, புதைந்த கணுக்களில் வேர் விடும். மேடு அப்படித்தான் உயர்கிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்பந்தாகக் காய்ந்து கழன்று, காற்றில் உருண்டோடி விதையைப் பரப்பும். பிள்ளைகள் துரத்தி விளையாடுவது அதைத்தான்.

புயல் அலையை முதலில் தாங்குவது இந்த மேடு. அதைவிட முக்கியம் தண்ணீர். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோர மணலுக்கு அடியில் நன்னீர் இருக்கிறது. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். மேட்டை வெட்டிச் சமமாக்கினால் மழையைப் பிடித்து வைக்கும் மணலும் போகிறது. கோடையில் தாம்பரத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு அது முழுதும் சரியாகப் படவில்லை. அடர்ந்த சவுக்கின் கீழே மண்ணின் சொந்தப் புல் தழைப்பதில்லை. முட்டையிட வரும் ஆமைக்கும் இடம் சுருங்குகிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்தது.

அடுத்த முறை போகும்போது வேனை மேட்டில் ஏற்ற வேண்டாம். பாயை அலையோரத் திறந்த மணலில் விரியுங்கள். பிரியாணிப் பொட்டலக் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். முள்ளுக்குப் பயந்தால் பிள்ளைகளுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள், போதும்.