தரவுத்தளத்தின் ஊகக் கணக்கு

ஒரு கோடி வரிகள் கொண்ட ஓர் அட்டவணையில் எதையோ தேடுகிறோம். எல்லா வரிகளையும் படிப்பதா, இன்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு வேண்டியதை மட்டும் எடுப்பதா? எத்தனை வரிகள் தேறும் என்று தெரிந்தால்தான் இதை முடிவுசெய்ய முடியும். தேடிப் பார்க்காமல் அது எப்படித் தெரியும்? தரவுத்தளம் ஊகிக்கிறது. 1979இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வில் பட்ரீசியா செலிங்கர் குழு வகுத்த வழி இது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் தன் ஊகத்தின் ஆதாரத்தை 'பிஜி_ஸ்டாட்ஸ்' என்ற பார்வையில் (வியூ) திறந்தே வைத்திருக்கிறது. 'அனலைஸ்' கட்டளை, மாற்றாத அமைப்பில், 30,000 வரிகளை மட்டும் மாதிரியாக எடுத்து அதை நிரப்புகிறது. ஒரு கோடி வரி இருந்தாலும் அவ்வளவுதான்.

அதில் முதலில் பார்க்கவேண்டியது, அடிக்கடி வரும் மதிப்புகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் பங்கும். ஆர்டர் அட்டவணையின் 'நிலை' நெடுவரிசையில் 'முடிந்தது' 0.97, 'நிலுவை' 0.02 என்று இருப்பதாகக் கொள்வோம். 'நிலுவை' என்று கேட்டால் இன்டெக்ஸ் உதவலாம். 'முடிந்தது' என்றால் முழுவதையும் படிப்பதே மலிவு. ஒரே கேள்வி இரண்டு வழியில் ஓடுவதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தனித்த மதிப்புகளின் எண்ணிக்கை சில சமயம் எதிர்மறையாக நிற்கும். அது பிழையல்ல, விகிதம். -1 என்றால் ஒவ்வொரு வரியிலும் வேறு மதிப்பு, -0.5 என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக இருமுறை. அட்டவணை வளர வளர எண்ணிக்கையும் வளரும் என்பதால் போஸ்ட்கிரெஸ் இப்படி எழுதிவைக்கிறது.

ஹிஸ்டோகிராமைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பள்ளியில் வரைந்ததைப் போல் இதில் கட்டங்கள் சம அகலம் அல்ல; ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வரிகள். எல்லைகள் நெருங்கியிருக்கும் இடத்தில் தரவு அடர்த்தி. அடிக்கடி வருபவை பட்டியலில் ஏறிவிட்ட மதிப்புகள் இதில் சேராது. தேதி நெடுவரிசையின் கடைசி எல்லை பல மாதம் பழையது என்றால், புள்ளிவிவரமும் பழையதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். மாற்றாத அமைப்பில், பத்தில் ஒரு பங்கு வரிகளாவது மாறினால்தான் தானியங்கிப் புதுப்பிப்பு தொடங்கும். ஒரு கோடி வரிக்கு அது பத்து லட்சம்.

இவையெல்லாம் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாகவே அறியும். தனக்கே உரிய ஒரே பின்கோடு உள்ள சிற்றூர் ஒன்று வரிகளில் நூறில் ஒரு பங்கு என்றால், ஊரையும் பின்கோடையும் சேர்த்துக் கேட்கும்போது இரு பங்குகளையும் பெருக்கி 1,000 வரி என்று ஊகிக்கும்; வருவதோ ஒரு லட்சம். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல், 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கொண்டு இவ்விரண்டும் சேர்ந்தே வருபவை என்று சொல்லிக்கொடுக்கலாம். பிறகு ஒருமுறை அனலைஸ் ஓட்டவேண்டும்.