வேகம் கூட்டும் சாஃப்ட்வேர்: கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

துவாரகாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஒரு புது வேண்டுகோள் எழுகிறது. "கேம் நின்னு நின்னு ஓடுதுப்பா. ஸ்பீடு கூட்டற சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுங்க" என்கிறான் பையன். குமாஸ்தா சம்பளத்தில் வருடச் சந்தா கட்டுமுன் சற்று யோசிப்பது நலம்.

விளையாட்டின் வேகம் கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர், ராம் ஆகியவற்றின் திறனைப் பொறுத்தது. இந்த சாஃப்ட்வேர்கள் செய்வதெல்லாம் பின்னணியில் ஓடும் புரோகிராம்களை நிறுத்துவதும், வேண்டாத ஃபைல்களை அழிப்பதுமே. ராம் குறைந்த பழைய கம்ப்யூட்டரில் இதனால் ஓரளவு பலன் உண்டு. ஆனால், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே காசில்லாமல் பின்னணி புரோகிராம்களை நிறுத்திவிடலாம்.

ஏமாற்று புதிதல்ல. ராமை இரட்டிப்பாக்குவதாகக் கூறி 1995-ல் அமெரிக்காவில் 'சாஃப்ட்ராம் 95' விற்பனைக்கு வந்தது. விண்டோஸ் 95-ல் அது ராமைக் கூட்டவே இல்லை. 1996-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கம்ப்யூட்டர் சோதனையில் பொய் முடிவு காட்டிப் பழுதுபார்ப்பு சேவை விற்றதாக எழுந்த வழக்கில், ஆபீஸ் டிப்போவும் சப்போர்ட்.காமும் 2019-ல் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன.

டில்லி வெயிலும் தூசியும் வேறு சேர்கின்றன. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால், பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் கம்ப்யூட்டரை அணைத்துத் தூசியை அகற்ற வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால், சந்தாப் பணத்தைச் சேர்த்து வைத்து, மெட்ரோ ஏறி நேரு பிளேஸில் கூடுதல் ராம் வாங்கிப் போடுவதே மேல்.